மாலையும் கழுத்துமாக ஒரு போஸ்டர்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் மகாராஜா பர்னிச்சர் எங்கே என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். கை காட்டுவதோடு சரி. உள்ளே ஆள் வருவது குறைந்து நாலைந்து வருஷமாகிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகாராஜா அண்ணாச்சிக்கு, போகிறவர் வருகிறவர் வைக்கும் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைப்பதுதான் முழுநேர வேலை. மத்தியானத்துக்குள் அவருக்குக் கை வலித்துவிடும். கல்லாப்பெட்டிதான் எந்த வலியும் இல்லாமல் சுகமாக இருந்தது.

வயது அறுபத்தொன்று. மீசை முளைத்த சூட்டோடு தொடங்கிய கடை. கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி வைத்த மேஜை என்று பெண்ணுக்குச் சீர் கொடுப்பதற்கு வேண்டிய சாமான்கள். பின்பக்கக் கொட்டகையில் சுடலைமாடன் தகடு வளைத்துப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்துத் தருவான். ஒரு காலத்தில் தை பிறந்துவிட்டால் களக்காட்டிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் வேன் பிடித்து வந்து நிற்பார்கள். சாப்பிடக்கூட நேரமிருக்காது. பிறகு பைபாஸில் பெரிய ஷோரூம் வந்தது. உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும், காபி கொடுப்பார்கள், மாசத் தவணை என்பார்கள். அங்கே போகவும் அலுப்புப்பட்டவர்கள் போனிலேயே கட்டில் வாங்கத் தொடங்கினார்கள்.

உண்மையைச் சொன்னால் மகாராஜா அண்ணாச்சிக்கு அலுத்துவிட்டது. ஷட்டரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இறக்கும்போது மனசு பிடித்துக்கொள்கிறது. நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஆனால் எப்படி நிறுத்துவது? கடை திறக்க நாள் உண்டு, நேரம் உண்டு, அழைப்பிதழ் உண்டு, பெரிய மனுஷர் வந்து விளக்கேற்றுவது உண்டு. மூடுவதற்கு ஒரு முறையும் கிடையாது. ஒருநாள் ஷட்டரை ஏற்றாமல் விட்டால், மறுநாளே ஊர் சொல்லிவிடும்: 'மகாராஜா நொடிச்சுப்போனான்.' அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துகொண்டுதான் மனுஷர் தினமும் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் தையில் வாடகைக்குப் புது ஒப்பந்தம் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அனுராதா போனில் பிடித்துக்கொண்டாள்.

"எப்பா, தை வரைக்கும் முயற்சி பண்ணிப் பாருங்க. நம்ம ஊர்லயே நல்ல பிஆர் ஏஜென்சி இருக்கு. ஒண்ணைப் பிடிங்க."

"அது என்னட்டி?"

"மக்கள் தொடர்பு. உங்களையும் கடையையும் பத்தி நாலு பேரு நல்லபடியா பேச வைக்குத ஆளுங்க."

"நாலு பேரு எப்ப வேணும்னு எனக்குத் தெரியும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார் அண்ணாச்சி. மகள் சிரிக்கவில்லை. மூன்று விலாசங்களை அனுப்பிவைத்தாள். பெற்ற பிள்ளை சொல்கிறதே என்று கிளம்பினார்.

முதலாவது ஆள் பெருமாள்புரத்தில் இருந்தார். சுவர் முழுக்கக் கேடயங்கள். அண்ணாச்சி உட்காருவதற்கு முன்பே, "உங்களுக்கு 'இல்லறப் பொருள் வேந்தர்' விருது குடுத்திரலாம் சார். சால்வை, கேடயம், மேடை, போட்டோ, பேப்பர்ல செய்தி, எல்லாம் நம்ம பொறுப்பு," என்றார்.

"அந்த விருதை யாருக்குக் குடுப்பிய?"

"யாரு வாராங்களோ அவங்களுக்கு."

அண்ணாச்சிக்கு அந்த மனுஷர் மேல் கோபம்கூட வரவில்லை. விருது வாங்கி முடித்த மாதிரியே களைப்பாக இருந்தது. கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு எழுந்துவந்தார்.

இரண்டாவது, வண்ணார்பேட்டையில் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு அலுவலகம். நடத்துவது நிலோஃபர் என்று ஒரு சின்னப் பெண். அனுராதா வயதுதான் இருக்கும். அவள் விருது, மேடை என்று எதுவும் பேசவில்லை. கேள்வி கேட்டாள். யார் வாங்குகிறார்கள், எந்த ஊர், எதற்காக, இப்போது அவர்கள் எங்கே போகிறார்கள். அண்ணாச்சிக்குப் பரீட்சை எழுதுவதுபோல் இருந்தது. கடைசியில் அவள் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"சார், ஆள் வராததுக்கு ரெண்டு காரணந்தான் இருக்க முடியும். உங்களைத் தெரியாததுனால வராம இருக்காங்க. இல்லைன்னா தெரிஞ்சும் வராம இருக்காங்க. தெரியாதுன்னா நாங்க பாத்துக்கிடுதோம், அதுதான் எங்க வேலை. தெரிஞ்சும் வரலைன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது, உங்க காசுதான் வீணு. இதுல எதுன்னு முதல்ல விசாரிச்சிருவோமா? எங்க பிள்ளைங்க நாலு ஊருக்குப் போயி கேட்டுட்டு வரட்டும்."

"மகாராஜா கடைக்கு ஏன் போகலைன்னு ஊரு ஊரா போயி கேக்கப்போறியளா?"

"ஆமா சார்."

அண்ணாச்சி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுதேம்மா," என்றார். திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினார். அவருக்கு வந்தது கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பயம் என்பது எனக்குத் தெரியும்.

மகள் அனுப்பிய மூன்றாவது விலாசத்துக்கு அவர் போகவே இல்லை. நேராக ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினார். பாவாவின் அச்சகம் அங்கே ஒரு சந்துக்குள் இருந்தது. மகாராஜா பர்னிச்சர் திறந்த காலத்தில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சுவரில் மஞ்சள் எழுத்தில் கடைப் பேரை எழுதியவர் பாவாதான். இப்போது வாசலில் 'பாவா மீடியா' என்று போர்டு. உள்ளே பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள்தான். நம் பக்கத்தில் ஒரு மனுஷன் கண்ணை மூடிவிட்டால், உறவுக்காரர்களுக்குப் போன் போகும் முன்பே படம் போட்டு போஸ்டர் சுவரேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்ததற்கே மரியாதை இல்லை. அந்த அவசரத்தில் பாவாவை மிஞ்ச ஜில்லாவில் ஆள் கிடையாது.

பாவா டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. களைத்துப்போன மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதோடு பழகிய முகம். அதைத் தாண்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்காரியிடம் போய் நிற்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. முகதாட்சண்யத்துக்குப் பெண்ணையே கட்டிக்கொடுக்கிற ஊர் இது. ஏஜென்சி பிடிப்பது எம்மாத்திரம்?

"உம்மகிட்டயே விட்டுட்டேன் வே," என்றார்.

"கவலைய விடுங்க அண்ணாச்சி. தூள் கிளப்பிருவோம்."

மகளுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும், பாவாவிடம் போனில் பேசி ஒரு புது வழி சொன்னாள். முதல் நாள் எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது. ஆவலைத் தூண்டுகிற மாதிரி கொஞ்சம் காட்டிவிட்டு, மறுநாள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாவா உற்சாகமாகிவிட்டார்.

"சஸ்பென்ஸ்தானம்மா? எனக்குப் புரியுது. முதல் நாளு முகம் மட்டும். மறுநாளு சரக்கு."

முகத்துக்குப் படம் வேண்டும். வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் அண்ணாச்சி ஏதாவது ஒரு பீரோவுக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நின்றார். தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று: போன வருஷம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, மனைவி இசக்கிச்செல்வியும் அவரும் மாலையும் கழுத்துமாக நின்று எடுத்த படம். அதை உறையில் போட்டபோது இசக்கிச்செல்வி கேட்டாள்.

"என்னைய வெட்டிட்டா போடப்போறிய?"

"கடை விளம்பரத்துல நீ எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணாச்சி காபித் தம்ளரை வாயில் வைக்கும்போது வாசலில் ஒரு மினிவேன் வந்து நின்றது. தடதடவென்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தார். தெருவில் எல்லா விசேஷத்துக்கும் பந்தல் போடுகிற ஆள், தோளில் நாற்காலி அடுக்கோடு நின்றவன், அவரைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனான்.

"அண்ணாச்சி, நீங்களா?"

"நான் இல்லாம வேற யாருலே என் வீட்டுல இருப்பா?"

அவன் எதிர்ச் சுவரைக் காட்டினான். பிறகு பைய, "ஐஸ் பெட்டி வேற பின்னால வந்துக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. திரும்பிப் போவச் சொல்லிருதேன்," என்றான்.

எதிர்ச் சுவரில் மகாராஜா அண்ணாச்சி பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ரோஜா மாலை. பக்கத்தில் இருந்த மனைவி இல்லை. ரெண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு. கீழே பேர். பேருக்குக் கீழே, கடைக்கு நாற்பது வருஷம் ஆனதைக் குறிக்க, '1985 – 2025'. சுற்றிலும் பட்டையாகக் கறுப்புக் கட்டம். அந்தக் கட்டத்தைப் பாவா வேண்டுமென்று போடவில்லை. தினமும் ஒரே அச்சில் ஆளை மாற்றி மாற்றி அடித்துப் பழகிய கை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் அதை வேறு என்னவென்று நினைப்பார்கள்? சமாதானபுரம், முருகன்குறிச்சி, மேலப்பாளையம், நாங்குநேரி பஸ் நிலையம் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டியிருந்தார்கள். பாவா வேலையில் குறை வைக்கிறவர் இல்லை.

அடுத்து வந்தவர் பக்கத்துப் பஞ்சு மெத்தைக் கடை காஜா முகைதீன். மேலப்பாளையத்திலிருந்து அழுதுகொண்டே வண்டி ஓட்டி வந்திருக்கிறார். அண்ணாச்சியைப் பார்த்ததும் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திட்டத் தொடங்கினார்.

"வருசத்தக் கணக்குப் பண்ணுனா நாப்பது வயசுன்னு வருது. அங்கனயே எனக்கு ஒரு சந்தேகம். ஆனா மாலைய பாத்ததும் கணக்கெல்லாம் மறந்துபோச்சு வே. ஏன்வே இப்படிப் பண்ணுனீரு?"

வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் வாசலிலேயே துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வருவார்கள். பெண்கள் தெருமுனையிலேயே ராகம் எடுத்துவிடுவார்கள். வந்து பார்த்தால் செத்தவர் வாசலில் நின்று கும்பிடுகிறார். ராகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்ன செய்வது? உட்கார்ந்தார்கள். பந்தல்காரன் இறக்கிய நாற்காலியை ஏற்ற வழியில்லாமல் போயிற்று. இசக்கிச்செல்வி டீ போட்டுக்கொண்டே இருந்தாள். போன் ஓயவில்லை. அனுராதா அந்தப் பக்கம் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடியும் அழுதாள். அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒரு கட்டத்தில், படுத்துவிட்டாலே எல்லோருக்கும் சௌகரியமாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

களக்காட்டிலிருந்து இசக்கிச்செல்வியின் தம்பி வந்தான். அத்தானைக் கட்டிக்கொண்டு அழுதான். கையில் ஒரு மஞ்சப்பை. அதை வேட்டிக்குப் பின்னால் மறைத்து மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததை இசக்கிச்செல்வி பார்த்துவிட்டாள். வாங்கிப் பிரித்தாள். உள்ளே புதுச்சேலை. தாலி இறக்குகிற அன்றைக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடி.

"வார வழியில கடை இருக்குமோ இருக்காதோன்னு எடுத்துட்டு வந்துட்டேன்க்கா," என்றான் தம்பி, குற்றவாளி மாதிரி.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தவள், சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சுவரில் தன்னை வெட்டிவிட்டு அவர் தனியாக நின்றதை அப்போதுதான் அவள் முழுசாகப் பார்த்திருப்பாள். அண்ணாச்சி வாசற்படியில் நின்று அதைக் கண்டார். 'கடை விளம்பரத்துல நீ எதுக்கு' என்று தான் கேட்டது காதில் ஒலித்தது. வெட்கமாக இருந்தது. திரும்பி வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர்கள் வந்த காரியம் இல்லாமல் போனதால் வேறு பேச்சுப் பேசினார்கள். எல்லோரும் பீரோவைப் பற்றித்தான் பேசினார்கள். எங்க அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது, இன்னும் கதவு கிறீச்சுன்னு ஒரு சத்தம் கிடையாது. நான் வாடகை வீடு ஆறு மாத்திட்டேன், அதுல ஒரு ஆட்டம் கிடையாது. எங்க சித்தப்பா பையன் சாவியத் தொலைச்சப்ப அண்ணாச்சிதான் வீட்டுக்கே வந்து திறந்து குடுத்தாக. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல சொல்லை அண்ணாச்சி வாழ்நாளில் மொத்தமாகக் கேட்டதில்லை. நிலோஃபர் நாலு ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறேன் என்றாள். நாலு ஊரும் தானாகவே கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் முத்துராணி என்று ஒருத்தி சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தாள். கையில் ஒரு முழம் பூச்சரம்; அதை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மார்கழி வெள்ளத்துல ஆத்துத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள நெஞ்சு மட்டும் நின்னுச்சு அண்ணாச்சி. எல்லாம் போச்சு. உங்க பீரோ மட்டும் நின்ன இடத்துல நின்னுச்சு. மேல்தட்டுல வச்ச பத்திரமெல்லாம் நனையாம கெடந்துச்சு. அடியில ஒரு கை பெயின்ட் அடிச்சேன், அவ்வளவுதான். போஸ்டரப் பாத்ததும் வராம இருக்க முடியல."

"உனக்கு ஒரு மக உண்டுல்லா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அடுத்த மாசம் கல்யாணம். பத்திரிகை வைக்க வரணும்னுதான் இருந்தேன்."

"சீர் சாமான்?"

முத்துராணி மடியிலிருந்த பூச்சரத்தைத் திருகினாள். "பைபாஸ் கடையில சொல்லியாச்சு. உங்க கடை இருக்குன்னு தெரியாமலா அண்ணாச்சி? நல்லாத் தெரியும். பிள்ளையளுக்கு வேற மாதிரி வேணும்ங்குதுவ. கண்ணாடிக் கதவு, தள்ளுத கதவு, என்னமோ. நான் என்ன செய்ய?"

"நீ என்ன செய்வே? சரிதான்," என்றார் அண்ணாச்சி. அவள் கையில் டீயை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. காலையிலிருந்து கடை வாசலைத் தாண்டித்தான் அத்தனை பேரும் வீட்டுக்குள் வந்தார்கள். ஷட்டர் திறந்துதான் இருந்தது. சுடலைமாடன் உள்ளேதான் நின்றான். விலை கேட்டது ஒரே ஒருத்தர், வெளியூர்க்காரர். வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி என்ன விலை என்று கேட்டார். அது பந்தல்காரனுடையது.

அண்ணாச்சி யோசித்தார். ஊரில் ஒரு குஞ்சு குளுவானுக்குக்கூடத் தன்னைத் தெரியாமல் இல்லை. செத்தால் ரெண்டு பஸ் மாறி அழ வருகிறார்கள். உயிரோடு கட்டில் விற்றால் வரமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தான் மோசமான சாமான் விற்கவும் இல்லை. நாற்பது வருஷம் உழைக்கும்படி பீரோ செய்து கொடுத்தவனிடம் ரெண்டாவது பீரோ வாங்க எவன் வருவான்? தெரிஞ்சும் வரவில்லை, அவ்வளவுதான். வண்ணார்பேட்டைப் பெண் சொன்னபோது செருப்பை மாட்டிக்கொண்டு ஓடவைத்த அதே விஷயம் இப்போது, செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி, லேசாக இருந்தது. 'நொடிச்சுப்போனான்' என்று இன்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதற்குத்தானே இத்தனை நாள் பயந்தது. சொல்லவேண்டிய அன்றைக்கு ஊர் வேறொன்றைச் சொல்லிவிட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவர் சுடலைமாடனைக் கூப்பிட்டு, தையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்றார். அவன் தலையைச் சொறிந்தான். தச்சநல்லூரில் கிரில் பட்டறையில் போன வருஷமே கூப்பிட்டார்களாம். அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தானாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாவா ஆட்டோவில் வந்து இறங்கினார். பகலெல்லாம் வரத் துணிவில்லாமல் ஜங்ஷனிலேயே ஒளிந்திருந்திருக்கிறார். ஆட்டோவுக்குள் ரெண்டாவது போஸ்டர் கட்டுக்கட்டாக இருந்தது: 'நாற்பதாம் ஆண்டுக் கொண்டாட்டம்! பீரோ வாங்கினால் தலையணை இலவசம்!'

"அண்ணாச்சி, செருப்பால அடிங்க. வாங்கிக்கிடுதேன். இதை இன்னிக்கே ஒட்டிட்டா நாளைக்கு எல்லாம் சரியாயிரும்."

"உட்காரும் வே. அதை ஒட்டவேண்டாம். புதுசா ஒண்ணு அடிக்கணும், எழுதிக்கிடும்."

பாவா பேனாவை எடுத்தார். அண்ணாச்சி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாற்பது வருஷமாக எங்களிடம் சாமான் வாங்கிய எல்லோருக்கும் நன்றி. வருகிற தைப் பொங்கலோடு கடையை நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் பீரோவில் பூட்டோ சாவியோ பழுதானால் வீட்டில் வந்து சொல்லலாம்.

பாவாவின் பேனா நின்றது. "கடைய மூடுததுக்கு யாராவது ஏஜென்சி பிடிப்பாங்களா அண்ணாச்சி?"

"திறந்தப்ப நீருதான எழுதினீரு. மூடுததையும் நீரே எழுதும். இதுக்கு உம்மள விட்டா ஜில்லாவுல ஆளு கிடையாது."

பாவா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "படம்? அதே படந்தானா?"

அண்ணாச்சி உள்ளே திரும்பிப் பார்த்தார். இசக்கிச்செல்வி முற்றத்தில் உட்கார்ந்து ஊர் குடித்த தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதே படந்தான். ஆனா வெட்டாதேயும். பக்கத்துல அவளும் நிக்கட்டும்," என்றார், அவளுக்கும் கேட்கிற மாதிரி. "அப்பத்தான் ஆளு உயிரோட இருக்கான்னு தெரியும்."

முற்றத்தில் தம்ளர் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

"அந்தக் கறுப்புக் கட்டத்தையும் எடுத்திரச் சொல்லுங்க," என்றாள் இசக்கிச்செல்வி, தலையைத் தூக்காமல். பிறகு மிச்சத் தம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள்.